அப்பா அச்சடிச்ச தெருவும் அம்மாச்சி வீடும்

உங்க ஹாஸ்டல் ரூம்லயோ, மெஸ் கல்லாப்பெட்டிக்கு மேலயோ ஒரு மாசக் காலண்டர் தொங்குதா? எழுந்து போய் ஒரு தடவை புரட்டிப் பாருங்க. பனிமலை, அருவி, குழந்தை கிருஷ்ணர் வரிசையில ஒரு பக்கம் இப்படி இருக்கலாம். தண்ணீர் ஓரமா தோளோடு தோள் ஒட்டி நிக்கிற வீடுகள். மஞ்சள், செங்கல் சிவப்பு, நீலம், வெளிர் பச்சைன்னு ஒண்ணொண்ணும் ஒரு கலர். முன்னாடி பாய்மரப் படகுகள். கீழே 'வாழ்த்துக்களுடன்' போட்டு ஏதோ ஒரு நகைக்கடை பேர்.

அதை அச்சடிச்சது எங்க அப்பாவா இருக்க சான்ஸ் இருக்கு பாஸ்!

ஆடிப்பெருக்கு அன்னிக்கு நீங்கள்லாம் சித்ரான்னம் கட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போவீங்க. எங்க சிவகாசியில அன்னிக்குத்தான் அடுத்த வருஷத்துக்கான காலண்டர் ஆல்பம் வெளியாகும். அப்பா ஆப்செட் மெஷின் ஆபரேட்டர். இந்த வீட்டுப் படத்தை மட்டும் நாலு வருஷமா ஓட்டியிருக்கார். "அந்த மஞ்சள் வீடு ரொம்பப் படுத்தும் தாயி. மெஜந்தா ஒரு பொட்டு ஏறிச்சுன்னா ஆரஞ்சு ஆயிடும்" என்பார். நாலு கலர் பிளேட்டும் நூல் பிசகாம ஒண்ணு மேல ஒண்ணு உட்காரணும். இல்லேன்னா ஜன்னலெல்லாம் இரட்டை இரட்டையாத் தெரியும். அந்தத் தெருவுல எந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல்னு அப்பாவுக்கு மனப்பாடம். எந்த ஊர்னு மட்டும் தெரியாது!

நான்தான் தேடிச் சொன்னேன். டென்மார்க், கோபன்ஹேகன். இடத்தோட பேர் நியூஹான். 'புதுத் துறைமுகம்'னு அர்த்தம். பேர்தான் புதுசு. 1670-களில் கடலிலிருந்து ஊருக்குள்ள வெட்டின கால்வாய் அது. கரையில இருக்கிற வீடுகள்ல ரொம்பப் பழசு 9-ம் நம்பர் வீடு, 1681-ல் கட்டினது. இன்னிக்கு உலகமே போட்டோ எடுக்கிற அந்த இடம், ஒரு காலத்துல மாலுமிகளும் சாராயக்கடைகளுமா இருந்த பேர் கெட்ட ஏரியா. அப்புறம் கார் நிறுத்துற இடமாவும் இருந்திருக்கு. 1980-ல்தான் வண்டிகளை வெளியே அனுப்பிட்டு, நடக்கிறவங்களுக்குன்னு ஒதுக்கினாங்க.

இதுல நம்ம ஊருக்கு ஒரு சொந்தம் இருக்கு, கேளுங்க. அந்தக் கரையில 20, 67, 18-ன்னு மூணு வீடுகள்ல வெவ்வேறு காலத்துல குடியிருந்தவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். சின்ன வயசுல படிச்ச கடல்கன்னி கதை ஞாபகம் இருக்கா? அதே ஆண்டர்சன்தான். 1835-ல் வந்த அவரோட முதல் தேவதைக் கதைப் புத்தகத்துல முதல் கதை எது தெரியுமா? நெருப்பு மூட்டுற சிக்கிமுக்கிப் பெட்டியைப் பத்தினது! பத்து வருஷம் கழிச்சு தீக்குச்சி விற்கிற சின்னப் பொண்ணு கதை எழுதினார். ஒரு பதிப்பாளர் படங்களை அனுப்பி, ஏதாவது ஒண்ணுக்குக் கதை எழுதிக் குடுங்கன்னு கேட்க, தீக்குச்சிப் பொண்ணு படத்தை எடுத்து எழுதின கதை. 1845 டிசம்பர்ல அது வெளியானது எதில்? 1846-ம் வருஷத்துக்கான ஒரு காலண்டர் புத்தகத்தில்!

தீப்பெட்டியும் காலண்டரும். சிவகாசிக்காரிக்குப் புல்லரிக்குமா, புல்லரிக்காதா?

அப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. "அப்ப சரியான வீட்டைத்தான் அடிச்சிருக்கேன்" என்றார். எங்க ஊர்லயும் கதை அப்படித்தானே? 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், லேபிளுக்குக் கலர் வேணும்னு தேடப்போய் அச்சுத்தொழில் வளர்ந்துச்சு. மானம் பார்த்த பூமியில கலரை வச்சே பொழைச்ச ஊர் சார் இது.

சரி, நமக்கு நியூஹான் எங்கே? காலேஜ் பஸ்ல இந்தக் கேள்வியைப் போட்டேன். "ஆத்தங்கரையில வீடு இருக்கு. ஆறு எங்கடி இருக்கு?" என்றாள் பக்கத்து சீட். நியாயம்தான். வைப்பாறும் அர்ஜுனா நதியும் வருஷத்துல முக்கால்வாசி நாள் மணலும் சீமைக்கருவேலமுமாத்தான் கிடக்குது. அதனாலதான் எங்க மாவட்டத்து ஆளுங்க தண்ணியை நம்பி ஊர் கட்டல. ஊரைக் கட்டி, நடுவுல தண்ணியை நிறுத்தினாங்க. விருதுநகர் தெப்பக்குளம்!

பஸ் ஸ்டாண்டுல இறங்கி வழி கேட்க வேண்டாம். மூக்கைப் பிடிச்சுக்கிட்டே நடங்க. வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய்... தும்மல் வந்தா பஜார் வந்தாச்சு. பேப்பர்ல 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்'னு ஒரு மூலையில போடுவாங்களே, அதோட வாசனை இதுதான். விருதுப்பட்டியா இருந்த ஊர் 1923-ல் விருதுநகர் ஆச்சு. குளம் நடுவுல, மாரியம்மன் கோயில் பக்கத்துல, சுத்திக் கடைகள். கடைகளைப் பார்க்காதீங்க. போர்டுக்கு மேல நிமிர்ந்து மாடியைப் பாருங்க. கீழே மொபைல் கடையோட பிளாஸ்டிக் போர்டு, மேலே வளைவு வச்ச பழைய ஜன்னல். மழையில வெளுத்த நீலம், பாதி உதிர்ந்த மஞ்சள். சாயங்கால வெயில்ல அதெல்லாம் குளத்துல விழுறப்போ நம்ம போன் கேமராவே வெட்கப்படும். படகு மட்டும்தான் இல்ல.

அப்படியே நடந்தா காமராஜர் வீடு. 1903-ல் பிறந்த மனுஷன், ஒன்பது வருஷம் முதலமைச்சர். வீட்டைப் பார்த்தா நம்ப மாட்டீங்க, அவ்வளவு சின்னது. அம்மா வீட்டுக்குன்னு தனியாப் போட்ட தண்ணிக் குழாயைப் பிடுங்கச் சொன்னார்னு ஒரு கதை சொல்வாங்களே, அது இந்த வீட்டைப் பத்தினதுதான். இப்ப நினைவு இல்லமா இருக்கு. அரசாங்கம் பார்த்துக்குது.

அரசாங்கம் பார்த்துக்காத வீடு ஒண்ணு அங்கிருந்து கொஞ்ச தூரத்துல இருக்கு. எங்க அம்மாச்சி வீடு.

தாத்தாவோட அப்பா பருப்பு வியாபாரத்துல கட்டினது. நடுவுல வானம் பார்த்த முற்றம், பர்மா தேக்கு உத்தரம், ரெண்டு ஆள் சேர்ந்து தள்ளினாத்தான் திறக்கிற கதவு. அதை விக்கப்போறாங்க. அட்வான்ஸ் வாங்கியாச்சு, தை பொறந்தா பத்திரப்பதிவு. வாங்குறவர் இடிச்சுட்டு காம்ப்ளக்ஸ் கட்டுவார்.

நான் சண்டை போட்டேன். கோபன்ஹேகன்ல 1681-ல் கட்டினதே நிக்குது, நம்மால ஒரு நூறு வருஷ வீட்டை வச்சுக்க முடியாதான்னு பெரிய மாமாகிட்ட கேட்டேன். மாமா கோபப்படல. "மழைக்கு மூணு ரூம் ஒழுகுது. சுண்ணாம்புக் காரை அடிக்கிற கொத்தனாருக்கு எங்க போறது? பங்கு நாலு. அம்மாவால படி ஏற முடியல. நீ சொல்லு தாயி, என்ன செய்யலாம்?" என்றார். நாலாவது பங்கு எங்க அம்மாவோடது. என் மேல்படிப்புக்கான பீஸ் அதிலிருந்துதான் வரப்போகுது. இப்ப நீங்க என் இடத்துல இருந்தா என்ன பேசுவீங்க? யோசிச்சு வைங்க. எனக்கு வாய் வரல.

போன ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போனேன். போட்டோவாவது எடுத்து வைப்போம்னு. முற்றத்துத் தூண் பக்கத்துல சுவர்ல பெயின்ட் உதிர்ந்திருந்தது. ஒருத்தி சும்மா இல்லாம அஞ்சு ரூபாய் காசால சுரண்டினா. க்ரீம் கலருக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே ரோஸ். எல்லாரும் உட்கார்ந்துட்டோம். ரோஸுக்குக் கீழே ஒரு நீலம். அதுக்கும் கீழே பளிங்கு மாதிரி வழவழன்னு வெள்ளைக் காரை.

அம்மாச்சி வந்து நின்னு பார்த்துச்சு. "ரோஸ் உங்கம்மா கல்யாணத்துக்கு அடிச்சது. உங்கப்பா வீட்டு ஆளுங்க கண்ணு கூசுதுன்னாங்க. பச்சை, உன் சின்ன மாமனுக்கு வேலை கிடைச்சப்போ" என்றது. பட்டாசு யூனிட் வேலையில இருக்கிற வீட்டுப் பொண்ணு எங்க கூட்டத்துல ஒருத்தி. அவளுக்குப் பச்சைன்னாலே பேரியம்தான் ஞாபகம் வரும். 2018-ல் சுப்ரீம் கோர்ட் பேரியத்துக்குத் தடை போட்டதுல இருந்து அவங்க வீட்டுப் பேச்சே அதுதானாம். "வானத்துல போனது உங்க சுவர்ல இருக்குடி" என்றாள்.

"நீலம்?"

"அது உங்க தாத்தா. சுண்ணாம்பு நீத்தி, துணிக்குப் போடுற நீலத்தைக் கலந்து தன் கையாலேயே அடிச்சாரு. ஆளு வச்சா கூலின்னு கஞ்சத்தனம்!"

மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தேன். பிரஸ்ல வச்சிருக்கிற ஷேடு கார்டையும், புள்ளி பார்க்கிற பூதக்கண்ணாடியையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருந்தேன். மாமியார் வீட்டுல அப்பா எப்பவும் திண்ணையோட சரி, உள்ளே அதிகம் வர மாட்டார். அன்னிக்கு சுவர் முன்னாடி சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு அடுக்கா கார்டை வச்சு ஒப்பிட்டுப் பார்த்தார். ரோஸுக்கு மெஜந்தா எத்தனை, மஞ்சள் எத்தனைன்னு சொல்லச் சொல்ல நான் நோட்டுல எழுதினேன். நீலத்துக்குத்தான் நேரம் ஆச்சு. "சயான் தனியா நிக்கல தாயி. வெயில் பட்டு மங்கியிருக்கு. கறுப்பு ஒரு தூசி சேர்க்கணும்" என்று நாலு தடவை மாத்தினார். டென்மார்க் மஞ்சளுக்குக்கூட இவ்வளவு பாடுபட்டிருப்பாரான்னு தெரியல.

நாங்க கிளம்புறப்போ அம்மாச்சி சுரண்டின இடத்தைக் காட்டி, "இப்படியேவா போட்டுட்டுப் போவீங்க? அடுத்தவன்கிட்ட குடுக்கிற வீடு. மூளியாக் குடுக்கக் கூடாது. பூசிட்டுப் போங்க" என்றது.

"இடிக்கத்தானே போறாங்க அம்மாச்சி?"

"அது அவன் பாடு."

என்ன கலர் அடிக்கணும்னு அப்பா கேட்டார். அம்மாச்சி யோசிக்கவே இல்ல. அடுத்த ஞாயிறு கால் மூட்டை சுண்ணாம்பும் ஒரு பாட்டில் சொட்டு நீலமும் வாங்கிக்கிட்டுப் போறோம். சாயங்காலம் தெப்பக்குளம் பக்கம் வந்தீங்கன்னா எங்களைப் பார்க்கலாம், கையெல்லாம் நீலமா இருக்கும்.