பிளாட்பாரம் சும்மா... யார்டுதான் ஹீரோ!

'இருபது வயசுல பொம்மை ரயிலா?'னு நீங்க சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தகவல். அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் 1946-ல் மாணவர்கள் ஆரம்பித்த மாடல் ரயில் கிளப்பில், மேஜைக்கு அடியில் ரிலே, ஒயர் என்று மல்லுக்கட்டிய கோஷ்டிதான் பிற்பாடு கம்ப்யூட்டர் ரூமுக்குள் புகுந்தது. 'ஹேக்கர்' என்ற வார்த்தை பரவியதில் அவங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஸோ, கொஞ்சம் மரியாதை ப்ளீஸ்!

எங்க கோஷ்டியில் மூணு பேர். ரெண்டு மெக்கானிக்கல், ஒரு ஈ.சி.ஈ. இடம், எங்க வீட்டு மொட்டை மாடி ரூம். நீளம் பதினாலு அடி. ஸ்கேல் ஹெச்.ஓ., அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. மாடல் ரயில்னாலே வட்டமா சுத்திக்கிட்டே இருக்கும்னு நினைப்பீங்க. பத்தே நிமிஷத்துல போரடிச்சிடும் பாஸ்! அதனால சென்னை சென்ட்ரல் மாதிரி ஒரு டெர்மினஸ், பேசின் பிரிட்ஜ் மாதிரி ஒரு கோச்சிங் யார்டு... இதான் எங்க பிளான்.

கணக்கு அங்கேயே இடிச்சது. 2018 ஜனவரியோடு தயாரிப்பு நின்றுபோன அந்த பழைய ஐ.சி.எஃப். பெட்டி, பஃபரோடு சேர்த்து சுமார் 22.3 மீட்டர். 87-ஆல் வகுத்தா 25.6 செ.மீ. 24 பெட்டி ரயில்னா ஆறு மீட்டருக்கு மேல... ரூம் சுவரை இடிச்சுக்கிட்டுத்தான் போகணும்! சரி, ஏழு பெட்டி போதும்னு இறங்கி வந்தோம். அதுக்கே யார்டு லைன் 1.8 மீட்டர். அதோட முடிஞ்சுதா? ரேக்கை ஒரு லைன்ல இருந்து இழுத்து இன்னொரு லைனுக்குத் தள்ள, முழு ரேக்கும் இன்ஜினும் நிக்கிற மாதிரி தனியா ஒரு 'ஷன்டிங் நெக்' வேணும். இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் மெயின் லைனை மறிக்கணும். அது ஒரு 2 மீட்டர். நாலு லைன் பிரிய மூணு பாயின்ட்ஸ், முக்கால் மீட்டர். மொத்தம் 4.55. ரூமோ 4.27! கடைசியில் ஆறு பெட்டியில் சமாதானம் ஆச்சு.

கூட்ஸ் யார்டும் பாசஞ்சர் யார்டும் ஒண்ணு இல்லை. கூட்ஸ்ல வேகன்களைப் பிரிச்சு, போற ஊர் பார்த்துச் சேர்க்கணும். பாசஞ்சர்ல ரேக் கலையாது. எஸ்-1 நிக்கிற இடத்துல எஸ்-1தான் நிக்கணும். இங்கே எதிரி கடிகாரம். டெர்மினஸுக்குள்ள வண்டி வந்ததும் இன்ஜின் முட்டுச்சந்துல மாட்டிக்கும். வேற இன்ஜின் வந்து ரேக்கை யார்டுக்கு இழுத்துட்டுப் போனாத்தான் அதுக்கு விடுதலை. அப்புறம் பிட் லைன்ல நிறுத்தி அடிப்பாகம் பார்க்கணும், கழுவணும், தண்ணி பிடிக்கணும், பிரேக் டெஸ்ட் பண்ணணும். இத்தனையும் முடிச்சுத்தான் திரும்ப பிளாட்பாரம்.

எங்க ஈ.சி.ஈ. நண்பன் ஒரு ஸ்பெஷல் கடிகாரம் செஞ்சான். 24 மணி நேரம் ரெண்டே மணி நேரத்துல ஓடிடும். பிட் லைன்ல ஆறு மணி நேரம் கட்டாயம்னு விதி. அதாவது நமக்கு அரை மணி.

முதல் முறையா முழு டைம்டேபிளையும் ஓட்டின அன்னிக்கு மாமா வந்திருந்தார். ஒரு கோச்சிங் யார்டுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு எக்ஸ்பிரஸ் நாலு மணி நேரம் லேட். வந்து சேர்ந்தப்போ ரெண்டு பிட் லைனும் ஃபுல்.

"மச்சி, அப்படியே திருப்பி அனுப்பிடலாம்டா. மாடல்தானே!"னு ஒருத்தன் சொன்னான்.

அதுவரைக்கும் மிக்சர் சாப்பிட்டுக்கிட்டிருந்த மாமா நிமிர்ந்தார். "லேட்டா போனா திட்டுவாங்க மாப்ள. வாங்கிக்கலாம். அடியில பார்க்காம அனுப்பிட்டு, அது ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் உனக்குத் தூக்கம் வருமா?"

ரூம் கப்சிப். மாமா ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து திண்ணையில் படுக்கிறதை சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன். 'மாமா ரயில் கழுவுற ஆபீஸ்ல இருக்கார்'னுதான் வீட்டுல சொல்வாங்க. அவர் கையெழுத்து போடலேன்னா ஆயிரம் பேர் கிளம்ப முடியாதுனு யாரும் சொன்னதில்லை. அவரும்தான்!

காத்திருந்தோம். பிட் லைன் காலியானதும் ரேக்கை உள்ளே விட்டு, அரை மணியும் முழுசா ஓடவிட்டோம். எக்ஸ்பிரஸ் மூணு மணி நேரம் லேட்டா கிளம்புச்சு. மாமாதான் விசில் ஊதினார்.

இந்த செமஸ்டர் லீவுல லேஅவுட்டைப் பெருசாக்குறோம். கையில இருக்கிற காசுக்கு ஒரு லைன்தான் போட முடியும். புது பிளாட்பாரமா, மூணாவது பிட் லைனா? ஓட்டு போட்டோம். பிட் லைனுக்கு மூணு, பிளாட்பாரத்துக்கு ஜீரோ. 'மாடல்தானே'னு சொன்னவன்தான் முதல்ல கை தூக்கினான்!