ஓடை என்று நான் வரைந்த பாதை

ஊர்களுக்குத் திட்ட வரைபடம் வரைவது என் தொழில். இலங்கையில் கண்டிப் பக்கத்து ஊரான கலகெதரவுக்காக வரைந்த முதற்படியைச் செய்மதிப் படத்தை வைத்தே முடித்திருந்தேன். மலைச்சரிவில் மெல்லிய கோடு ஒன்று இறங்கியது. அதை ஓடை என்று நீல மையில் போட்டேன்.

படத்தை ஊர்க் கூட்டத்தில் விரித்த அன்று ஒரு மூத்தம்மா அந்தக் கோட்டில் விரலை வைத்தார். "மகன், இது ஓடை இல்ல, பாதை. எங்கட வாப்பாட வாப்பா இதாலதான் மாட்டில சாமான் ஏத்திப் போன. மழைக்கு மட்டும்தான் தண்ணி ஓடும்."

மறுநாள் காலை அவருடைய பேரனோடு அதில் நடந்தேன். இரு பக்கமும் மண் இடுப்பளவு உயர்ந்திருக்க, நடுவே பாதை தாழ்ந்து கிடந்தது. பொதி சுமந்த இரண்டு மாடுகள் எதிரெதிரே ஒதுங்கிப் போகலாம், அவ்வளவு அகலம். ஏற்றங்களில் பதித்த கற்கள் நடு தேய்ந்து வழவழத்திருந்தன. வளைவில் ஒரு ஊற்று. பக்கத்தில் பலாமர நிழலில் கொஞ்சம் சமதரை. மாடுகளை அவிழ்த்து இளைப்பாறிய இடம் அதுவாம்.

கலகெதரவில் மடிகே என்ற ஊர்ப்பெயரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அன்றுதான் அது எனக்கு விளங்கியது. கண்டி அரசில் பொதிமாட்டுப் போக்குவரத்துக்கென்றே ஒரு திணைக்களம் இருந்தது. அதன் பெயர் மடிகே பத்த. பெரும்பாலும் முஸ்லிம்கள் அந்த ஊழியத்தைச் செய்தார்கள். அதற்கு ஈடாகக் காணி பெற்றுக் குடியேறினார்கள். மலையிலிருந்து பாக்கும் மிளகும் இறங்கின. கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் ஏறின. அந்தப் பொதிமாட்டு வரிசைக்குத் தவளம் என்று பேர். பின்னர் வண்டிப் பாதைகள் வந்தன. 1867இல் ரயிலும் கண்டியை எட்டியது. தவளம் மறைந்தது, அது நடந்த தடம் எஞ்சியது.

இந்தத் தடத்தைக் காப்பது எளிதல்ல. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான அந்த நாளுக்கு முந்தியவை புராதனச் சின்னங்கள்; பிந்தியவற்றுக்குத் தனி ஆணை வேண்டும். விகாரைக்கும் பழைய வளவுக்கும் காட்டக் கட்டடமும் கல்லெழுத்தும் உண்டு. நடந்து நடந்தே உண்டான ஒரு பள்ளத்துக்கு என்ன வயது என்று யார் எழுதித் தருவார்? அதனால்தான் சாதாரண மக்களின் மரபு முதலில் வரைபடத்திலிருந்தும் பிறகு நிலத்திலிருந்தும் அழிகிறது.

இப்போது வேகம் கூடியிருக்கிறது. மத்திய அதிவேகப் பாதையின் ஒரு பகுதி பொத்துஹெரவிலிருந்து கலகெதர வரை திட்டமிடப்பட்டதும் இங்கே காணிப் பேச்சு சூடுபிடித்தது. மேலே பலாவும் கித்துலும், நடுவே கராம்பும் பாக்கும், மரங்களில் படர்ந்த மிளகுமாக அடுக்கடுக்காய் வளர்ந்த கண்டி வீட்டுத்தோட்டத்தைப் பத்துப் பேர்ச் துண்டுகளாக்கி விற்கிறார்கள். பெக்கோ இயந்திரம் வந்து சரிவைச் செங்குத்தாக வெட்டுகிறது. வேர்கள் பிடித்திருந்த மண் அடுத்த பெருமழையில் கீழ்வீட்டுக் கூரையில் விழுகிறது. மலைநாட்டில் வீடு கட்ட மண்சரிவு ஆய்வு அனுமதி வேண்டும் என்ற விதி உயிரைக் காக்கத்தான். மூதாதையர் தண்ணீர் போக விட்டிருந்த வழியை அடைத்துவிட்டு அந்த அனுமதிக்கு மட்டும் ஓடுவதில் பயனில்லை.

வளர்ச்சி வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்கு வீடு வேண்டும், கடைக்கு வாடிக்கை வேண்டும். ஆனால் எங்கே கட்டலாம் என்று கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிவிட்டேன். தண்ணீர் எதால் போகிறது? ஆட்கள் எதால் நடக்கிறார்கள்? இந்த இடத்துக்கு என்ன பெயர், ஏன்? வயதானவர்களோடும் பள்ளிப் பிள்ளைகளோடும் சேர்த்து நடக்கவைத்தே கேட்கிறேன். மண்டபத்தில் கேட்டால் ஆண்கள் பெருவீதியைத்தான் சொல்கிறார்கள். ஊற்றையும் குறுக்குவழியையும் காட்டுகிறவர்கள் பெண்கள். சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிறேன், ஒரே வழியில்தானே இரு வீட்டாரும் நடந்தார்கள்.

அந்தப் பாதையை ஒட்டிய காணிக்காரர்களோடு பலமுறை பேசினோம். கடைசியில், இரண்டு மாடுகள் ஒதுங்கும் அகலத்தை வேலிக்கு வெளியே விட இணங்கினார்கள். இனி அது பிரதேச சபையின் பாதைப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறினால்தான் நாளை காணி கைமாறினாலும் நிலைக்கும். அதுவரை எங்கள் வேலை முடியாது.

திருத்திய படத்தை மூத்தம்மாவிடம் கொண்டுபோனேன். நீலக்கோடு சிவப்பாகியிருந்தது, பக்கத்தில் 'தவளப் பாதை' என்று எழுதியிருந்தேன். அவர் விரலால் அதைத் தொடர்ந்து போய், வளைவில் நிறுத்தினார். "ஊத்தப் போடல்லியே மகன்?" அங்கேயே உட்கார்ந்து நீல மையால் ஒரு புள்ளி வைத்தேன்.