பாக்கின் இசையும் நம் காலப்பிரமாணமும்

நாகசுரம் முழங்கும் காவிரிக்கரையில் வாழும் நமக்குக் காலப்பிரமாணம் என்னும் சொல் புதிதன்று. உருப்படியைத் தொடங்கும்போதே அதன் வேகத்தைத் தீர்மானித்து, இறுதிவரை தளராமலும் ஓடாமலும் காத்தல் கலைஞரின் கடமை. ஐரோப்பியரின் பழைய இசையில் உள்ள ஒரு சிக்கலையும் இச்சொல்லைக் கொண்டே அவிழ்க்கலாம் என்பது நம் எண்ணம்.

பியானோத் தேர்வுக்குப் பயிலும் பிள்ளைகள் இன்று நம் சிற்றூர்களிலும் உளர். யோகான் செபாஸ்தியன் பாக் (1685–1750) இயற்றிய பாடல் கைக்கு வந்ததும் அவர்கள் தேடுவது, நிமிடத்திற்கு இத்தனை தட்டு என்று மேலே அச்சிட்டிருக்கும் எண்ணையே. அதனைப் பாக்கின் வாக்காகவே கொள்கின்றனர். மெட்ரோனோம் கருவிக்கு மெல்சல் காப்புரிமை பெற்றதோ 1815இல். அப்போது பாக் மறைந்து 65 ஆண்டுகள் ஆகிவிட்டன! அவ்வெண்கள் செர்னி போன்ற பிற்காலப் பதிப்பாசிரியர் இட்டவை. பாக் பெரும்பாலும் வேகத்தைக் குறிக்கவே இல்லை. நடனத்தின் பெயரும், தாள அளவும், சுரங்களின் நெருக்கமுமே அவர் விட்டுச்சென்ற குறிப்புகள்.

அவர் காலம் நமக்கு அத்துணை அயலானதும் அன்று. 1706இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியபோது, பாக் ஜெர்மனியில் 21 வயது ஆர்கன் கலைஞர். அத்தரங்கம்பாடியும் நம் குத்தாலமும் இன்று ஒரே மாவட்டத்தில் உள்ளன.

பாக் வாசித்த ஹார்ப்சிகார்டில் தந்தி மீட்டப்படுகிறது. ஒலி விரைவில் மறையும். பியானோவில் சுத்தி தந்தியை அடிக்கிறது, ஒலி நீளும். ஆகவே மெதுவான பகுதியைப் பியானோ தாங்கிக்கொள்ளும். விரைவில் கீழ்ச்சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். கருவி மாறினால் வேகமும் மாறவேண்டும் என்பதைக் குத்தாலத்தை அடுத்த திருவாவடுதுறை நமக்கு முன்னரே கற்பித்துள்ளது. அவ்வூர் இராஜரத்தினம் பிள்ளை, சுருதி உயர்ந்த குட்டையான திமிரியை விடுத்து, நீண்ட பாரி நாகசுரத்தைக் கைக்கொண்டார். அவருடைய தோடியின் நிதானத்திற்கு அக்கருவியின் கனத்த நாதமே இடம் தந்தது எனலாம். அத்தோடியில் உள்ளம் பறிகொடுத்தே ஆந்திரத்து ஷேக் சின்ன மௌலானா நம் பாணியைத் தழுவித் திருவரங்கத்தில் வாழ்ந்தார்.

இனி, வேகத்தைத் தேர்வது எங்ஙனம்? முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் விளம்பத்தில் நடந்து, மத்திமகால சாகித்தியத்தில் சொற்கள் இருமடங்கு நெருங்கும். அவ்விடத்தை எண்ணாமல் பல்லவியை விரைந்து எடுப்பவர் பின்னர்த் திணறுவர். பாக்கிலும் அவ்வாறே. சுரங்கள் மிக நெருங்கிய அடியை முதலில் தேடி, வாயால் பாடிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுரமும் தெளிவாக நிற்கும் வேகமே மேல் எல்லை. பின்னர் முதல் வரியைப் பாடினால், இசைத்தொடர் அறுந்துபோகும் மந்தம் எதுவென்று தெரியும்; அது கீழ் எல்லை. இரண்டிற்கும் இடையே உரிமை உண்டு. கனடா நாட்டுக் கிளென் கூல்டு, கோல்ட்பெர்க் வேறுபாடுகளின் தொடக்க ஏரியாவை 1955இல் இரண்டு நிமிடத்திற்குள் முடித்தார். 1981இல் அதற்கே ஏறத்தாழ மூன்று நிமிடம் கொண்டார். பிந்தியதே நமக்கு உவப்பு. மாணவர் முந்தியதையே விரும்புவர்!

மற்றொன்றும் கூறவேண்டும். வீட்டு மின்கீபோர்டின் இலேசான கட்டைகளில் பழகிய வேகம், தேர்வுக் கூடத்துப் பியானோவின் கனத்த கட்டைகளில் எளிதில் வாராது. முன்னதாகவே சென்று, அக்கருவியில் அந்த நெருங்கிய அடியை மட்டுமேனும் ஒருமுறை வாசித்துப் பார்க்க இசைவு கேட்டல் நன்று.