நடந்து தின்னும் குதிரைகள்

நியூசிலாந்து போகிறேன் என்றதும் அப்பா கேட்டது ஒன்றுதான். "கேம்பிரிட்ஜ் பக்கம் போவியாம்மா? அங்கதான் பந்தயக் குதிரை வளர்ப்பாங்கன்னு தாத்தா சொல்வாரு."

ஆக்லாந்திலிருந்து தெற்கே காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வைக்காட்டோ ஆற்றங்கரையில் மரங்கள் நிறைந்த சின்ன ஊர். கடைத்தெரு நடைபாதையில்கூட, பந்தயங்களில் வென்ற உள்ளூர்க் குதிரைகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். நம் கிராஞ்சித் திடலில் ஓடிய குதிரைகளில் பல, நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பிறந்தவை. 2024 அக்டோபர் 5ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம் நடந்து முடிந்தது. கிராஞ்சிக்கு முன் புக்கிட் தீமா, 1933க்கு முன் ஃபேரர் பார்க். நாம் மீன்தலைக் கறி சாப்பிடப் போகும் ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பெயர் வந்த கதை அதுதான்.

என் தாத்தா ஒரு குதிரை முதலாளியிடம் சைஸாக, அதாவது குதிரைக்காரராக, வேலை பார்த்தவர். அவருக்குப் பிரியமான ஒரு குதிரை, ஒரு ராத்திரி வயிற்று வலியில் புரண்டு புரண்டு துடித்ததாம். விடியும்வரை அதை நடக்கவைத்துப் பார்த்திருக்கிறார். பிழைக்கவில்லை. "நல்லா தின்னட்டும்னு அன்னிக்கு ஒரு கை கூடுதலா தானியம் வச்சேன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் யாரும் அதற்குப் பதில் சொன்னதில்லை.

நான் தங்கியது ஊருக்கு வெளியே, மூன்று ஏக்கர் நிலமுள்ள ஒரு வீட்டில். வீட்டுக்காரம்மாவிடம் மூன்று குதிரைகள்: ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பந்தயக் குதிரை, ஒரு கிழட்டுப் பெண் குதிரை, குண்டாக ஒரு மட்டக் குதிரை. செப்டம்பர் மாதம், அங்கே வசந்தம். நிலத்தின் நடுவில் பச்சைப் பசேலென்று புல். ஆனால் குதிரைகளை அதில் விடாமல், ஓரத்தைச் சுற்றி மின்வேலி போட்டு, ஐந்து மீட்டர் அகலத்தில் ஒரு பாதை அமைத்து அதற்குள் விட்டிருந்தார்.

"இவ்வளவு புல் இருக்கும்போது ஏன் இப்படி?" என்று கேட்டேன்.

"அந்தப் புல்தான் ஆபத்து" என்றார். பால் மாடுகளுக்கு ஏற்ற அந்தச் செழிப்பான வசந்தப் புல்லில் சர்க்கரை அதிகம். எளிதில் எடை கூடும் குதிரை அதை இஷ்டத்துக்கு மேய்ந்தால், குளம்புக்குள் வீக்கம் வந்து நிற்கவே முடியாமல் போகலாம்.

அந்தப் பாதையைச் சுற்றி நானும் நடந்தேன். ஒரு மூலையில் தண்ணீர்த் தொட்டி. எதிர் மூலையில் உப்புக் கட்டி. இடையிடையே காய்ந்த புல் அடைத்த வலைப் பைகள். ஓரிடத்தில் குளம்பு உறுதிப்படக் கூழாங்கல் பரப்பு. மரத்தடியில் பாதை அகலமாகி, படுத்து இளைப்பாற இடம். எதுவும் ஒரே இடத்தில் கிடைக்காததால் குதிரைகள் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கின்றன. பாதை எங்கும் முட்டுச்சந்தாக முடியக்கூடாதாம். முடிந்தால், பலசாலி மற்றதை மூலையில் மடக்கிவிடும்.

இந்த யோசனையைப் பரப்பியவர் ஜேமி ஜாக்சன் என்ற அமெரிக்கர். லாடம் அடிக்கும் தொழிலில் இருந்தவர். 1980களில் அங்குள்ள காட்டுக் குதிரைகளைக் கவனித்து, அவை எப்படி நடந்து நடந்தே மேய்கின்றன என்று பார்த்து எழுதினார்.

வலைப் பையில் ஓட்டைகள் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். குதிரை உதட்டால் துழாவிக் கொஞ்சம் கொஞ்சமாக உருவித் தின்ன வேண்டும். சோம்பேறித்தனத்துக்குத் தண்டனையோ என்று நினைத்தேன். காரணம் வேறு. குதிரையின் இரைப்பை அதன் உடம்புக்குச் சின்னது. தின்றாலும் தின்னாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போதுதான் உமிழ்நீர் ஊறி அதைத் தணிக்கும். சுதந்திரமாகத் திரியும் குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேயும். அதையே லாயத்தில் கட்டி, வேளைக்கு ஒரு வாளி தானியம் வைத்தால் கொஞ்ச நேரத்தில் முடித்துவிடும். பிறகு வெறும் வயிறு. பந்தயக் குதிரைகளுக்கு இரைப்பைப் புண் அதிகம் வர இதுவும் ஒரு காரணம். போதாததற்கு, குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்துக் கிலோ காய்ந்த புல் வேண்டும். அதைப் பல பைகளாகப் பிரித்துக் காலையிலும் மாலையிலும் மாட்டுவது அந்த அம்மாவின் வேலை. மழை பெய்தால் பாதை சேறாகிவிடும். பல் தேய்ந்த கிழவிக்கு வலை சரிப்படாது, புல் உருண்டையை ஊறவைத்துத் தனியாகக் கொடுக்கிறார். லாடம் அடித்த குதிரை என்றால் வலையைத் தரையில் போடவே கூடாது, கால் சிக்கிக்கொள்ளும். குறைந்த வேலை என்று நினைத்து யாரும் இதில் இறங்க வேண்டாம் என்று சிரித்தார்.

தாத்தாவின் கதையை அவரிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "குதிரைக்கு வயிற்று வலி பல காரணத்தால் வரும். ஒரு கைப்பிடித் தானியம் மட்டும் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு எல்லாரும் அப்படித்தான் தீனி வைத்தார்கள்" என்றார்.

அன்று இரவு கைப்பேசியோடு வேலி ஓரம் போய் நின்றேன். வானொலிக்காரி என்பதால் எங்கே போனாலும் ஒலிப்பதிவு செய்யும் பழக்கம். இருட்டில் மூன்று குதிரைகளும் மெல்லும் சத்தம். அவசரமே இல்லாத, சீரான நறநறப்பு. நடுவில் ஒரு பெருமூச்சு. பிறகு நான்கு குளம்புகள் அடுத்த பையை நோக்கி நடந்து போகும் ஓசை.

நம் ஊரில் வீவக வீட்டில் குதிரை வளர்க்கப் போவதில்லை. ஆனால் பிள்ளைகளைக் குதிரையேற்றப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர்கள் உண்டு. அடுத்த முறை, லாயத்தில் குதிரை முன்னால் புல் இருக்கிறதா, பக்கத்தில் துணைக் குதிரை இருக்கிறதா, தினமும் எவ்வளவு நேரம் வெளியே நடக்க விடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் அந்த அம்மா சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். ஒலிப்பதிவையும் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தரம் போடும்மா" என்றார்.