சல்லடையில் பார்த்த சிக்கனம்

பூம்பாறையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வடுகபட்டி சந்தைக்குப் போகும் பிக்கப் வண்டிகளில் அவருடையதும் ஒன்று. பழைய டீசல் வண்டிதான். கடன் வாங்கி எடுத்து, பாதிக் கடனை அடைத்திருந்தார். ஒன்றரை ஏக்கர் படிக்கட்டு நிலத்தில் பூண்டு, கேரட், உருளை. அக்கம்பக்கத்தார் சரக்கையும் சேர்த்து ஏற்றினால் டீசல் செலவு போகக் கையில் கொஞ்சம் நிற்கும். வெள்ளாமை பொய்த்த வருடங்களில் வீட்டுக்குச் சோறு போட்டதே அந்த வண்டிதான்.

ஒரு சித்திரை மாதம் வண்டி மலை ஏறச் சிணுங்க ஆரம்பித்தது. காட்ரோட்டிலிருந்து பெருமாள்மலை வரைக்கும் இரண்டாம் கியரைத் தாண்ட முடியவில்லை. பின்னால் கரும்புகை. அந்தக் கோடை முழுக்க தேவதானப்பட்டி, பெரியகுளம் பக்கத்துத் தோட்டங்களில் ஆட்டு எரு ஏற்றியிருந்தார். கண்மாய் வண்டல் அள்ளும் டிராக்டர்களுக்குப் பின்னால், மண்பாதையில் புழுதி குடித்துக்கொண்டே ஓடிய வண்டி. ஏர் ஃபில்டரைக் கழற்றினால் மடிப்பு மடிப்பாக மண் அப்பியிருந்தது.

உதிரிப்பாகக் கடையில் மூன்று ஃபில்டரை எடுத்து வைத்தார்கள். வண்டிக் கம்பெனி பெட்டியில் வந்தது 750 ரூபாய். பெயர் தெரியாத பெட்டியில் இருந்தது 220 ரூபாய். மூன்றாவது, எண்ணெய் தடவிய பஞ்சுத்துணி ஃபில்டர். கழுவிக் கழுவி ஆயுசுக்கும் போடலாம் என்றார்கள், 4,500 ரூபாய். பாலிடெக்னிக் படிக்கும் மகனுக்கு மூன்றாவதில்தான் கண். “வண்டி பறக்கும்ப்பா” என்றான். அப்பா 220 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். சல்லடைதானே, எதுவானால் என்ன என்பது அவர் கணக்கு.

போட்டதும் வண்டி நன்றாகவே இழுத்தது. புகையும் நின்றது. “பாத்தியா, 500 ரூபா மிச்சம்” என்று மகனிடம் சொல்லிச் சிரித்தார்.

ஐப்பசியில் விஷயம் வெளியே வந்தது. எஞ்சின் ஆயில் அளவு வாரத்துக்கு வாரம் குறைந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை. பெரியகுளத்தில் வழக்கமாக வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் எஞ்சினைத் தொடவே இல்லை. ஃபில்டர் பெட்டியைத் தாண்டி எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றினார். ஒரு வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடைத்து எடுத்து நீட்டினார். துணி செம்மண் நிறமாக இருந்தது.

“அண்ணே, இந்தக் குழாய்க்குள்ள வரக்கூடியது சுத்தமான காத்து மட்டுந்தான். இங்க மண்ணு இருந்தா, உங்க ஃபில்டர் வேலையே பாக்கலன்னு அர்த்தம்.”

ஃபில்டரின் விளிம்பு ரப்பர் பெட்டியின் வாயில் சரியாகப் படியவில்லை. ஒரு பக்கம் நகம் நுழையும் அளவுக்குச் சந்து. காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். காகிதத்துக்குள் நுழைந்து வராமல், சந்து வழியே புழுதியோடு போயிருக்கிறது. வண்டி நன்றாக இழுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். தடையில்லாமல் காற்று போனால் இழுவை நன்றாகத்தான் இருக்கும். இழுவையை வைத்து ஃபில்டரை எடைபோட்டது அவர் செய்த தப்பு.

எஞ்சின் குடிக்கும் காற்று

ஒரு லிட்டர் டீசல் எரிய குறைந்தது 10,000 லிட்டர் காற்று வேண்டும். பூம்பாறையிலிருந்து வடுகபட்டிக்குப் போக வர 150 கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தாலும், ஒரு நடைக்கு ஒன்றே கால் லட்சம் லிட்டர் காற்றை எஞ்சின் இழுத்துவிடும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்று சமவெளியைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்து இருக்கும். அதனால் ஃபில்டர் அடைத்துக்கொண்டால், சமவெளியில் தெரியாத குறை மலையில் உடனே தெரியும்.

மண்ணில் இருக்கும் மணல் துகள், பிஸ்டன் ரிங் செய்த இரும்பைவிடக் கடினமானது. தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூள், ஆயிலோடு சேர்ந்து உப்புத்தாள் மாதிரி சிலிண்டரைத் தேய்க்கும். தேய்ந்த இடம் திரும்ப வளராது.

ரிங், லைனர், கூலி எல்லாம் சேர்த்து 70,000 ரூபாயைத் தாண்டியது. கையில் பணமில்லை. வீட்டுப் பரணில், அடுப்புப் புகை படும்படி விதைக்கென்று கட்டித் தொங்கவிட்டிருந்த பூண்டு இருந்தது. கார்த்திகை நடவுக்கு வைத்த மலைப்பூண்டு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய, ஊருக்கே பெருமை சேர்த்த பூண்டு. அதில் பாதியை இறக்கி வடுகபட்டியில் விற்றார்கள், அதுவும் வாடகை வண்டியில் ஏற்றிப்போய். அந்தப் பட்டத்தில் அரை ஏக்கர் தரிசாகக் கிடந்தது.

அவர் மனைவி சத்தம் போடவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னார்: “விதையில ஒரு பல்லு சொத்தைன்னாக்கூட தூக்கிப் போடுவீங்க. வண்டிக்கு மட்டும் எப்படிங்க பாக்காம வாங்கினீங்க?”

அடுத்த முறை வாங்கியது

எஞ்சின் வேலை முடிந்ததும் மெக்கானிக் கம்பெனிப் பெட்டிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை. ஃபில்டர் செய்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள், வண்டிக் கம்பெனிகளுக்கும் கொடுத்து, தங்கள் பெயரிலும் விற்கின்றன. அப்படி ஒன்று 480 ரூபாய்க்குக் கிடைத்தது. வாங்கும் முன் இருவரும் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

முதலில், பெட்டியில் இருந்த பாகம் எண், அந்த மாடலுக்கும் அந்த ஆண்டுக்கும் உரியதா என்று பார்த்தார்கள். பிறகு பழைய ஃபில்டரைப் பக்கத்தில் வைத்து உயரம், சுற்றளவு, மடிப்புகளின் எண்ணிக்கை சரிபார்த்தார்கள். மலிவுச் சரக்கில் மடிப்பு குறைவாக இருக்கும், காகிதம் குறைந்தால் சீக்கிரம் அடைக்கும். விளிம்பு ரப்பரை அமுக்கிப் பார்த்தார்கள். மெத்தென்று அமுங்கித் திரும்ப எழும்ப வேண்டும். உள்ளே டார்ச் அடித்து, எங்காவது பொட்டு வெளிச்சம் தெறிக்கிறதா என்று பார்த்தார்கள். கடைசியாக, பில் வாங்கினார்கள்.

மகன் கேட்ட பஞ்சுத்துணி ஃபில்டருக்கும் மெக்கானிக் பதில் வைத்திருந்தார். “தம்பி, அது காத்தை நல்லா விடும். ஆனா புழுதில ஓடுற வண்டிக்கு நைஸ் தூளைப் பிடிக்கிறதுதான் முக்கியம், அதுல காகிதம் கெட்டி. அதைக் கழுவி, காயவச்சு, அளவா எண்ணெய் தடவணும். எண்ணெய் கூடிப்போனா காத்தை அளக்குற சென்சார்ல போய் ஒட்டிக்கும். பூண்டு ஏத்துற வண்டிக்கு அது எதுக்கு?”

இன்னொரு பழக்கத்தையும் அவர் விட்டார். வாரா வாரம் பஞ்சர் கடையில் ஃபில்டருக்குக் காற்றடிப்பார். அந்த வேகத்தில் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும். தரையில் தட்டினால் விளிம்பு நசுங்கும். உண்மையில், லேசாகத் தூசு படிந்த ஃபில்டர் புதிதைவிட நன்றாகவே வடிகட்டும். வண்டிக் கையேடு சொல்லும் கிலோமீட்டரில் மாற்றினால் போதும், புழுதிப் பாதையில் ஓடினால் அதில் பாதியில். மழையிலோ மூடுபனியிலோ நனைந்து உப்பியது என்றால், காயவைத்துப் போடாமல் மாற்றிவிட வேண்டும். ஃபில்டர் பெட்டியின் அடியில் தூசு தள்ளும் ரப்பர் வால்வு இருந்தால், அதை அவ்வப்போது அமுக்கி மண்ணை உதிர்க்கலாம்.

டிராக்டர், பவர் டில்லர், டீசல் பம்ப்செட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எண்ணெய்த் தொட்டி வகை ஃபில்டர் உள்ள பழைய டிராக்டரில், தொட்டி எண்ணெய் சேறாகிவிட்டதா என்று பார்த்து மாற்ற வேண்டும்.

இப்போது அவர் வண்டியின் டேஷ்போர்டில், மலர் சாத்திய குழந்தை வேலப்பர் படத்துக்குக் கீழே, மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறை அந்த ரப்பர் குழாயைக் கழற்றித் துடைத்துப் பார்த்துவிட்டு, மனைவியிடம் காட்டுவார். வெள்ளையாக இருந்தால் அவர் ஒன்றும் சொல்வதில்லை. பரணில் இந்த வருட விதைப்பூண்டு முழுசாகத் தொங்குகிறது.