மேகத்துக்கு முந்திக்கொள்ளுங்கள்

கோலாலம்பூரிலிருந்து இரண்டரை மணி நேரம் பறந்து கோத்தா கினபாலுவில் இறங்கினால், அதே நாட்டுக்குள்தான் வந்திருக்கிறோம் என்றாலும் மறுபடி பாஸ்போர்ட்டை நீட்டவேண்டும். போர்னியோ தீவின் வட முனையிலிருக்கும் சபா மாநிலத்துக்குக் குடிநுழைவில் தனி அதிகாரம் உண்டு. தீபகற்ப மலேசியர்களுக்கும் அங்கே சோதனை உண்டு.

ஊர்க்காரர்கள் 'கேகே' என்றுதான் சொல்கிறார்கள். மலாய் 'கோத்தா' நம் 'கோட்டை'க்கு உறவுச் சொல். கினபாலு என்பது ஊருக்குப் பின்னால் 4,095 மீட்டர் உயர்ந்து நிற்கும் மலை. 1967 வரை ஊரின் பெயர் ஜெசல்டன். வட போர்னியோவை ஆண்ட ஆங்கிலேயக் கம்பெனியின் துணைத் தலைவராக இருந்தவர் பெயர் அது. அந்தக் கம்பெனி இந்தப் பகுதியில் முதலில் குடியேறியது எதிரேயுள்ள காயா தீவில்தான். 1897-ல் மாட் சாலே என்ற உள்ளூர்த் தலைவர் அந்தக் குடியிருப்பைத் தாக்கிக் கொளுத்தினார். பிறகே, 1899-ல், கரையில் இந்த ஊர் உருவானது. இரண்டாம் உலகப்போர் அதையும் தரைமட்டமாக்கியது. தப்பிய மூன்று கட்டடங்களில் ஒன்று, மர மணிக்கூண்டு. 28 வயதில் காய்ச்சலில் இறந்துபோன மாவட்ட அதிகாரி அட்கின்சனின் நினைவாக, அவருடைய தாய் அளித்த கடிகாரத்துக்கு 1905-ல் எழுப்பியது. அத்தனை குண்டுகளுக்கும் நடுவே மரம் நின்றிருக்கிறது.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மலை ஏறும் திட்டத்தோடு போகாதீர்கள். முன்கூட்டியே அனுமதி, கட்டாய வழிகாட்டி, வழியில் ஓர் இரவு, மறுநாள் நள்ளிரவு தாண்டியதும் இருட்டில் உச்சி நோக்கி நடை. அதற்கென்றே இன்னொரு முறை வரலாம். இந்த முறை மலையைப் பார்த்தால் போதும். சபாவின் பூர்வகுடிகளான கடசான்-டூசுன் மக்களுக்கு அது இறந்த முன்னோர் உறையும் இடம். பார்ப்பதே பெரிய காரியம்தான்.

பார்ப்பதற்கும் நேரம் உண்டு. நான் முதல் நாள் எட்டு மணிக்கு எழுந்து ஜன்னலைத் திறந்தேன். கிழக்கில் வெறும் வெண்மேகம். மறுநாள் ஆறு மணிக்கு எழுந்தபோது, நேற்று வெறுமையாக இருந்த அதே இடத்தில் வானத்தின் பாதியை மறைத்துக்கொண்டு கருநீலமாக நின்றது மலை, கிரீடம்போல் பிளவுபட்ட உச்சியோடு. ஒன்பதுக்குள் மேகம் மூடிவிட்டது.

இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தில் கினபாலு பூங்கா. 1964-ல் அமைந்து, 2000-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் அங்கே வளர்கின்றன. எலி விழுந்து சிக்குமளவு பெரிய குடுவைத் தாவரமும் அவற்றில் ஒன்று. வழியில் கிராமத்தார் தோட்டத்தில் ரஃப்ளீசியா என்ற ராட்சதப் பூ மலர்ந்திருந்தால் சாலையோரம் பலகை வைத்திருப்பார்கள். கட்டணம் கேட்பார்கள், தயங்காமல் கொடுங்கள். ஒரு வாரத்துக்குள் அழுகிவிடும் பூவை வேலி போட்டுக் காப்பவர்கள் அவர்கள்தான்.

கடலுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஜெசல்டன் பாயின்ட் படகுத்துறையிலிருந்து கால் மணி, இருபது நிமிடத்தில் காயா, சாப்பி, மனுக்கான், மமுத்திக், சுலுக் என ஐந்து தீவுகள். படகுக்காரர்கள் ஒரே நாளில் இரண்டு மூன்று தீவுகளைச் சேர்த்து விற்பார்கள். வேண்டாம், ஒன்றே போதும். நான் சாப்பியைத் தேர்ந்தேன். கடல் வற்றும்போது அதற்கும் காயாவுக்கும் நடுவே மணல்திட்டு எழுகிறது. முழங்கால் தண்ணீரில் நின்றாலே மீன்கள் சுற்றிக்கொள்கின்றன.

சாப்பாட்டில் ஹினாவா. பச்சை மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாறு, இஞ்சி, மிளகாயோடு பிசைந்தது. மீன் உண்ணாதவர்கள் பூண்டு போட்டு வதக்கிய 'சாயூர் மானிஸ்' கேளுங்கள். வாயில் வைத்ததும் பழகிய ருசி. அது நம் தவசிக்கீரைதான்.

இன்னொன்று. கேகேயிலும் கோலாலம்பூரிலும் கடிகாரம் ஒரே மணிதான் காட்டும். ஆனால் கேகே மிகக் கிழக்கே இருப்பதால் சூரியன் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்துகிறது. சூரியன் மறைவதைப் பார்க்க மாலை ஏழு மணிக்குப் போகலாம் என்றிருந்தால் தஞ்சோங் ஆரு கடற்கரையில் இருட்டுதான் இருக்கும். ஐந்தரைக்கே போய் மணலில் உட்கார்ந்துவிடுங்கள்.