மகாமகக் குளமும் பதினாறு ஸ்பீக்கர்களும்

கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள் இருக்கின்றன. மண்டபத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வைத்து, நாதஸ்வர ஓசை குளத்தை வலம் வருவதுபோல் ஒரு நிரல் எழுத முடியுமா? முடியும். ஒலியை இப்படி ஸ்பீக்கர் விட்டு ஸ்பீக்கர் நகர்த்துவதற்குப் பேனிங் என்று பெயர்.

முறை எளிதுதான். சம இடைவெளி என்று வைத்துக்கொண்டால், 360 டிகிரியைப் பதினாறால் வகுக்க 22.5 டிகிரி. ஒரு நேரத்தில் பக்கத்துப் பக்கத்து ஸ்பீக்கர்கள் இரண்டு மட்டும் ஒலிக்கும். ஒன்று இறங்க, அடுத்தது ஏறும். பின்லாந்தைச் சேர்ந்த வில்லே புல்க்கி 1997-ல் வெளியிட்ட முறையின் அடிப்படையும் இதுவே.

இதில் ஒரு கணக்கு உண்டு. ஓசை நட்டநடுவே வரும்போது ஆளுக்குப் பாதி என்று 0.5 கொடுத்தால் அது அமுங்கிவிடும். ஒலியின் ஆற்றல் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.25-ம் 0.25-ம் சேர்ந்தால் 0.5 தான், அதாவது 3 டெசிபல் குறைவு. ஆகவே இரண்டுக்கும் 0.707 கொடுக்க வேண்டும். பள்ளியில் படித்த சைனும் கொசைனும் இங்கே கைகொடுக்கின்றன. ஒன்றுக்குக் கொசைன், மற்றதற்குச் சைன்; வர்க்கங்களின் கூட்டுத்தொகை எப்போதும் 1.

ஆனால் இந்த வித்தை குளத்தின் நடுவில் நிற்பவருக்குத்தான். கரையில் இருப்பவரின் காது, முதலில் வந்த ஒலியின் திசையையே நம்பும். அவருக்கு நாதஸ்வரம் பக்கத்து ஸ்பீக்கரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இசையில் இது போனால் போகட்டும். அறிவிப்பில் அப்படி விடமுடியாது. குளத்தின் குறுக்களவு சுமார் 150 மீட்டர். ஒலி ஒரு விநாடிக்கு 340 மீட்டர் போகும். எதிர்க்கரையின் குரல் 0.4 விநாடி பிந்தி வரும். பதினாறிலும் ஒரே குரலை உரக்க விட்டால், "இறங்க வேண்டாம்" என்பதில் பக்கத்து ஸ்பீக்கர் "வேண்டாம்" என்னும்போது எதிர்க்கரையிலிருந்து "இறங்க" வந்து விழும். தமிழில் தடுக்கும் சொல் கடைசியில்தானே வருகிறது!

1992 பிப்ரவரி 18 அன்று மகாமக நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு சொல் தெளிவாகக் கேட்பது உயிர்ப் பிரச்சினை.

இதற்கு வழி உண்டு. பெரிய ஸ்பீக்கர்களை அலறவிடாமல், சிறியவற்றை அந்தந்தப் படிக்கட்டை நோக்கித் திருப்பிக் குறைந்த சத்தத்தில் வைக்கலாம். தெருவில் வரிசையாகக் கட்டினால், 34 மீட்டருக்கு 0.1 விநாடி வீதம் தாமதம் கொடுக்கலாம். நிரலில் இது சில வரி வேலைதான். அடுத்த மகாமகம் 2028-ல்.